பங்குமுதலும் இருவினையும்

இல்லறத்தில் நிற்பார்க்குப் பொருள் இன்றியமையாதது. சுற்றந் தழுவலும், விருந்தோம்பலும், அடியார்க்கு அமுதளித்தலும், திருக்கோயிற் பணிகளும் பொருளின்றி நடவா. ஆகலின் சைவப் பெரியார் பொருளீட்டலையே குற்றமென விலக்காது, அதனை ஈட்டும் நெறியையும் காக்கும் நெறியையும் செலவிடும் நெறியையுமே ஆராய்வாராயினர். அறுபத்துமூன்று நாயன்மாருள்ளும் வணிகர் பலர் உளர். பழையாறையில் பொன்னும் மணியும் பட்டும் விற்ற அமர்நீதியார், காவிரிப்பூம்பட்டினத்து இயற்பகையார், மதுரையம்பதியின் மூர்த்தியார் என்னும் இவர்க்கு வாணிகம் திருவடிப் பேற்றிற்குத் தடையாகவில்லை. தடையாவதும் துணையாவதும் வாணிகத்தில் நிற்கும் உள்ளத்தின் நிலையே.

முற்காலத்தே ஒருவன் தான் ஈட்டிய பொருளை நிலத்திலும் பொன்னிலும் வட்டியிலும் இட்டு வைத்தான். இக்காலத்தோ கம்பெனிகளின் பங்குகளும், பலர் பொருளையும் ஒருங்கு திரட்டிப் பங்குகளில் இடும் பரஸ்பர நிதிகளும் அவ்விடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டன. ஓய்வுபெற்ற ஆசிரியர் தமக்குக் கிடைத்த தொகையையும், தாயொருத்தி தன் மகள் திருமணத்திற்கெனச் சேர்த்ததையும், இளைஞன் தன் சம்பளத்தில் எஞ்சியதையும் இவற்றில் இடுகின்றனர். இடுமுன், எப்பங்கை வாங்கலாம், எந்நிதியிற் சேரலாம், எப்போது விற்கலாம் என்று உறவினரையும் நண்பரையும் தரகரையும் முன்பின் அறியாதாரையும் உசாவுகின்றனர். விலை ஏறியவழி உசாவிய செய்தியே மறந்து போகின்றது. விலை வீழ்ந்தவழியோ வீட்டில் வழக்கு எழுகின்றது. இழந்தவன், ‘என் விதி’ என்கின்றான். அவன் மனைவி, ‘சொன்னவன் கெடுத்தான்’ என்கின்றாள். சொன்னவனோ, ‘நான் என் செய்வேன், அது அவர் ஊழ்’ என்று அகல்கின்றான்.

இம்மூவருள் யார் கூற்று மெய்? இழப்பு ஊழாயின், உசாவுதலும் ஆராய்தலும் வீண் அல்லவோ? ஊழன்றாயின், வினைக்கொள்கை எங்ஙனம் நிற்கும்? அறிவுரை கூறியவன்பால் வினை சேருமோ, சேராதோ? பல குடும்பங்களின் வாழ்வும் நட்பும் இவ்வினாவிற் சிக்கிக் கிடத்தலின், இதனைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்தல் தகும்.

பங்கென்பது யாதென முதற்கண் தெளிதல் வேண்டும். ஒருவரால் தாங்கலாகாத பெருமுதலைப் பலர் கூடி இட்டு, ஊதியத்தையும் இழப்பையும் தத்தம் கூற்றின் அளவிற்கு ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடே பங்கு. 1602ஆம் ஆண்டில் தோன்றிய ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கைமாறின. பம்பாயில் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகர மண்டபத்தின் எதிரே ஆலமரத்தடியிற் கூடிய தரகர்கள் 1875இல் ஒரு சங்கமாயினர். அச்சங்கமே பின்னர்ப் பம்பாய்ப் பங்குச்சந்தையாய் வளர்ந்தது. பங்கின்கண் இரண்டு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, கம்பெனி நடத்தும் தொழில். மற்றொன்று, அப்பங்கிற்குப் பிறர் தரும் விலை. தொழில் மெல்ல வளரும், மெல்லத் தேயும். விலையோ நாழிகைதோறும் மாறும், என்னை? அது வாங்குவார் ஆசையையும் விற்பார் அச்சத்தையும் பற்றி நிற்பதாகலின் என்க.

பரஸ்பர நிதி, பலர் பொருளைப் பல கம்பெனிகளிற் பரப்பி இடுவது. ஒரு கம்பெனி கெட்டவழி முழுதும் கெடாமை அதன் நன்மை. ஆயினும் சந்தை முழுதும் தாழுங்கால் அதுவும் உடன் தாழும். இந்தியாவில் யூனிட் டிரஸ்ட் நிறுவனம் 1964இல் தொடங்கிய ‘யூனிட் 64’ என்னும் திட்டத்தை, அரசின் சார்புடையது, ஆதலின் இடரற்றது என எண்ணிப் பல குடும்பங்கள் பற்றியிருந்தன. 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அதன் விற்பனையும் திரும்பப் பெறுதலும் நிறுத்தி வைக்கப்பட்டபோது அவை திகைத்தன. இடரற்ற ஊதியம் என ஒன்று சந்தையில் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வினையின் இயல்பைக் காண்போர்க்கு மூன்று பகுதிகள் புலனாகும். பல பிறவிகளில் ஈட்டி இன்னும் நுகரப்படாது கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவிக்கென வகுக்கப்பட்டு உடலின்கண் நுகரப்படுவது பிராரத்தம். அதனையே ஊழ் என்பர். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களால் புதிதாக ஏறுவது ஆகாமியம். சிவஞானசித்தியார் வரவு, இழப்பு, இன்பம், நோய், மூப்பு, இறப்பு என்னும் ஆறனையும் கருவிலேயே அமைந்தனவாக வைத்து, இப்பொழுது செய்யும் வினைகள் மேல்வரும் பிறவிக்கு ஏறும் என்று பகுத்துரைக்கின்றது. வரவும் இழப்பும் அவ்வாறனுள் எண்ணப்பட்டமையின், பங்கில் வரும் ஊதியமும் அதில் நேரும் இழப்பும் நுகர்வின் பாற்படுவன என்பது தெளிவு.

அற்றேல், ஆராய்ந்து இடுதல் எற்றுக்கு? கண்ணை மூடி இட்டாலும் வரவேண்டியது வரும், போகவேண்டியது போகும் அன்றோ எனின், அன்று. விளைவு ஊழின்பாற்பட்டது, தேர்வோ செய்வினையின்பாற்பட்டது. ஒருவன் எவ்வளவு பொருளை, யாருடைய பொருளை, எந்நோக்கத்தோடு, எவ்வளவு ஆராய்ந்து, யாரை நம்பி இடுகின்றான் என்னும் இவையெல்லாம் அவன் இன்று செய்யும் வினைகள். மனைவி மக்களின் உணவுக்குரிய பொருளைப் பேராசையால் எடுத்து இட்டவன், ஊழ்வயத்தால் பெரும்பொருள் பெற்றானாயினும், அவன் செய்த தீவினை தீவினையே. கடமைகள் யாவும் முடித்து எஞ்சியதை நன்கு ஆராய்ந்து இட்டவன் அதனை இழந்தானாயினும், அவன் செய்தது தீவினை ஆகாது. விளைவைக் கண்டு தேர்வை அளத்தல், மழை பெய்தமைகொண்டு உழவனை அறிஞனென்றும் பெய்யாமைகொண்டு மூடனென்றும் கூறுதலோடு ஒக்கும்.

திருவள்ளுவர் ஊழ் என ஓரதிகாரமும், ஆள்வினையுடைமை என ஓரதிகாரமும் ஒரே நூலில் வைத்ததன் நோக்கமும் இதுவே எனக் கொள்ளலாம். தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில், வரக்கூடிய ஊதியத்தோடு நேரக்கூடிய அழிவையும் உடன்வைத்து எண்ணுமாறு பணித்தார். மேல்வரும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழத்தற்கு இடனாகிய தொழிலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்றும் தெளிவித்தார். ஊழின் வலியை அறிந்த அப்பெரியாரே ஆராய்ச்சியை வற்புறுத்தினமை, ஊழ்க்கொள்கை சோம்பற்கு அரணாக வந்ததன்று என்பதைக் காட்டும்.

தேர்வு எங்ஙனம் கெடுகின்றது என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த தென்கடற் கம்பெனியின் வரலாறு தக்க சான்று. 1720ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 128 பவுன் அளவில் விற்ற அதன் பங்கு, அவ்வாண்டுக் கோடையில் ஏறத்தாழ 1,000 பவுனை எட்டியது. ஆண்டிறுதிக்குள் 200க்கும் கீழே வீழ்ந்தது. அக்காலத்து அரசாங்க நாணயசாலையின் தலைவராயிருந்த ஐசக் நியூட்டன் என்னும் பேரறிஞர் முதலில் அப்பங்குகளை நல்ல ஊதியத்திற்கு விற்று வெளியேறினார். பின்னர், பிறர் மேன்மேலும் செல்வராதலைக் கண்டு, உயர்ந்த விலையில் மீண்டும் வாங்கிப் பெரும்பொருள் இழந்தார். அவ்விழப்பு 20,000 பவுன் அளவினது எனக் கூறுவர். கோள்களின் இயக்கத்தைக் கணித்த பேரறிவும் இவ்விடத்துத் துணையாகவில்லை. முதலில் விற்றபோது அவரை நடத்தியது ஆராய்ச்சி. மீண்டும் வாங்கியபோது நடத்தியது பிறர் பெற்ற ஊதியத்தின் காட்சி. கல்வி ஒன்றாகவே இருந்தது, சார்பு வேறாயிற்று.

சார்பு என்னும் இதுவே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. ஆன்மா தான் சார்ந்த பொருளின் தன்மையாய் நிற்கும் இயல்பினது என்பது சித்தாந்தத்தின் உயிர்நாடியான கொள்கை. செம்மலரின் அருகில் வைத்த படிகம் செந்நிறமாயும் நீலமலரின் அருகில் வைத்த படிகம் நீலநிறமாயும் தோன்றுதல் போல, உயிரும் பாசத்தைச் சார்ந்தவழிப் பாசமாயும், பதியைச் சார்ந்தவழிச் சிவமாந்தன்மை பெற்றும் நிற்கும். விலைப்பட்டியலை நாழிகைதோறும் நோக்கியிருப்பான் உள்ளம் அவ்விலையாகவே ஆகின்றது. அது ஏறின் ஏறுகின்றது, இறங்கின் இறங்குகின்றது. காலையில் பூசைக்கு அமர்ந்தும் கை மலரிட, மனம் கைபேசியின்கண் ஓடுகின்றது. அவன் பங்கை உடையனல்லன். பங்கு அவனை உடையது. இழப்பு நேரும்வரை பொறுத்திராது, ஊதியம் வரும் நாளிலேயே அவன் இழக்கத் தொடங்கிவிட்டான் என்பது உணர்க.

இனி, அறிவுரை கூறுவானுடைய வினையைக் காண்போம் எனின், 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள் அதனை விளக்கும். அத்திங்கள் 22ஆம் நாள் சென்னையில் பெரும்புகழுடன் விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. பங்கிட்டோர் அல்லர், வைப்பிட்டோரே அங்கு இழந்தவர், அவர் ஆயிரக்கணக்கினர். இலண்டன் நகரிலிருந்த கூட்டாளி ஊகவாணிகத்தில் இறங்கிப் பெரும்பொருள் தொலைத்தமை அம்முறிவின் முதற் காரணங்களுள் ஒன்று. 1907இல் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் என்பவர் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் தண்டம் பெற்றார். அவ்வாண்டே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால், இந்தியன் வங்கி தோன்றியது.

ஆங்கு இழந்தவர் தம் இழப்பைத் தம் ஊழெனக் கொண்டு மனம் ஆறியிருக்கலாம். அஃது அவர்க்கு நன்றே. ஆயின், அவர் பொருளைத் தொலைத்தவர் அதே சொல்லைக் கூறின் அஃது எத்துணைக் கொடிது! வினைக்கொள்கையின் நுட்பம் ஈண்டே உளது. ஊழ் என்னும் சொல் துன்புற்றவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் ஆறுதல். துன்பம் செய்தவன் பிறனை நோக்கிக் கூறும் விடையன்று. ஒருவனுக்கு இழப்பு ஊழால் வருவதாயினும், அதற்குக் கருவியாய் நின்றவன் தன் கருத்தோடு நின்றானாகலின், அக்கருத்தின் வினை அவனையே சாரும். கொலைசெய்தான் ஒருவன் ‘அவன் ஆயுள் அவ்வளவே’ எனின் அரசன் விடுவானோ? ஆகலின், தான் ஊதியம் பெறுதற்பொருட்டு மறைத்துக் கூறியவனும், அறியாததை அறிந்ததாகக் கூறியவனும், இழப்பு நேர்ந்தபின் ‘அவர் விதி’ என்பரேல், முதற்குற்றத்தின்மேல் இரண்டாங்குற்றமும் ஈட்டியவராவர்.

மற்றொரு நிகழ்ச்சி அதே திங்கள் தூத்துக்குடியில் நிகழ்ந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் முயற்சியால் சுதேசிக் கப்பற் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவாயிற்று. அதன் முதல் பத்து லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். 1907இல் கப்பல்கள் வந்தன. எதிர்நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, அரசாங்கமும் பகைத்தது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது. பங்கெடுத்தோர் பொருள் போயிற்று. பிற்காலத்தில் சிவஞானபோதத்திற்கு உரை வகுத்து 1935இல் வெளியிட்ட சைவப்பெருந்தகையும் அப்பிள்ளையவர்களே என்பது இவ்விதழ் படிப்பார் நன்கறிந்தது.

விளைவு ஒன்றையே நோக்குவார்க்கு ஆர்பத்நாட் கம்பெனியில் இட்டதும் சுதேசிக் கம்பெனியில் இட்டதும் ஒன்றே. இரண்டிலும் பொருள் அழிந்தது. வினையை நோக்குவார்க்கோ இரண்டும் வெவ்வேறு. சுதேசிக் கம்பெனியிற் பங்கெடுத்தோர்க்கு இடர் மறைக்கப்படவில்லை. பெருவலி படைத்த எதிரியோடு பொருதும் தொழில் அஃது என்பது ஊரறிந்த செய்தி. நோக்கம் தன்னூதியம் மட்டும் அன்று. நாட்டின் நலமும் உடன் நின்றது. கூட்டுவித்தவர் தம் வாழ்வையே அதன்கண் இட்டார். பிறரை இடருள் தள்ளித் தாம் கரையில் நின்றாரல்லர். ஆகலின் அங்குப் பொருள் இழந்தவர் நல்வினை இழந்திலர். பங்கு என்னும் சொல்லே கூறு எனப் பொருள்படும். கம்பெனியின் ஊதியத்திற் கூறுடையான், அதன் செயலின் நன்மை தீமையிலும் கூறுடையானாதல் ஒருதலை. கள் விற்றும் உயிர் கொன்றும் பொருளீட்டும் கம்பெனியிற் பங்கெடுக்கும் சைவன், ‘யான் விற்றிலேன், யான் கொன்றிலேன்’ என்று தேறுதல் பொருந்தாது.

இக்கூறியவற்றால் அறிவுரையின் எல்லையும் விளங்கும். அறிவுரை தேர்விற்குத் துணையாமன்றி விளைவிற்குப் பிணையாகாது. நாளை விலையை அறிவேன் என்பான், தன் சிற்றறிவை முற்றறிவாக மயங்கிக் கூறுகின்றான். அம்மயக்கம் ஆணவத்தின் காரியம். கேட்பானும், ‘ஏறும் என்று சொல்லுங்கள்’ என இரக்குங்கால், தன் வினையைப் பிறன் தோளில் ஏற்ற விழைகின்றான். வினை அங்ஙனம் கைமாறுவதன்று. ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீராமை போல, ஒருவன் தேர்ந்ததன் பயனை மற்றொருவன் நுகரான். சொன்னவனுக்குச் சொல்லிய வினை. ஏற்றவனுக்கு ஏற்ற வினை. இருவர் வினையும் தனித்தனி நின்று பயன்தரும்.

‘செபி’ எனப்படும் இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியம் 1988இல் அமைந்து 1992இல் சட்டவலிமை பெற்றது. முதலீட்டு ஆலோசகர் பதிவுபெற்றிருத்தல் வேண்டும் என்றும், கேட்பவன் எவ்வளவு இடரைத் தாங்கவல்லவன் என அறிந்து அவனுக்கு ஏற்றதையே கூறல் வேண்டும் என்றும் அவ்வாரியம் 2013இல் விதி வகுத்தது. நோயாளியின் உடல்வலி அறிந்தே மருந்தின் அளவை மருத்துவன் வகுப்பான். பக்குவம் அறிந்தே ஆசாரியன் தீக்கை செய்வான். பக்குவம் நோக்காத உபதேசம் எங்ஙனம் கேடோ, அங்ஙனமே தாங்கும் வலி நோக்காத அறிவுரையும் கேடாம்.

‘பியூச்சர்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ என வழங்கும் ஒப்பந்த வாணிகத்திற்கு இவ்வெச்சரிக்கை மிகப் பொருந்தும். பங்கின்கண் கம்பெனி ஒன்று பொருளை ஆக்குகின்றது. அவ்வாக்கத்தில் பங்குடையார் பலரும் ஒருங்கு பயன்பெறல் கூடும். ஒப்பந்தத்திலோ ஒருவன் பெறுவது மற்றொருவன் இழந்ததே. தரகும் வரியும் இருவர் பாலும் கழியும். இடரினின்று காத்தற்கு அதனை ஆள்வாரும் உளர். ஆயினும் விரைந்து செல்வராகும் வேட்கையால் புகுவாரே தனிமனிதருட் பலர். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் இவ்வாணிகம் செய்த ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிமனிதருள் 100க்கு 93 பேர் இழப்பே எய்தினர். அவர் இழப்பு, செலவுட்பட, ஆளொன்றுக்குச் சராசரி இரண்டு லட்சம் ரூபாய் அளவினது. தனிமனிதர் அனைவரும் ஒருங்கே இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. இதனை அறிந்தும் ஒருவன் புகுவனாயின், எஞ்சிய எழுவருள் தானும் ஒருவன் எனக் கருதும் அகந்தையே அவனை உந்துகின்றது.

அற்றேல், மூர்க்க நாயனார் சூதாடிப் பொருளீட்டினார் அல்லரோ, அவரும் திருத்தொண்டர் வரிசையில் வைக்கப்பட்டார் அன்றோ என வினவுவார் உளர். திருவேற்காட்டு வேளாளராகிய அப்பெரியார், அடியார்க்கு அமுதளித்தே தம் பொருள் முழுவதும் தீர்ந்தபின் சூதின்கண் இறங்கினார். வென்ற பொருளைத் தம் கையாலும் தீண்டாது, அடியார் உண்டபின் கடைப்பந்தியில் உண்டார். தமக்கென ஒரு காசும் கருதாத அவ்வுள்ளம் இறைவன் ஏற்றது, சூதை ஏற்றதன்று. அவர் தொண்டினை விடுத்துச் சூதினை மட்டும் சான்றாகக் காட்டுவார், கண்ணப்பர் அன்பை விடுத்து ஊனை மட்டும் சான்று காட்டுவாரோடு ஒப்பர். தன் மனையின் வளத்திற்காக ஒப்பந்த வாணிகம் செய்வான் அந்நாயனாரைத் துணைக்கு அழைத்தல் தகாது.

ஆயின் இல்லறத்தான் உசாவ வேண்டுவன யாவை? எப்பங்கு ஏறும் என்னும் வினாவிற்கு முன்னே, தன்னையே உசாவத் தக்கன சில உள. இப்பொருள் கடன்பட்டதா, பிறர்க்குரியதா, அன்றித் தன் கடமைகள் முடிந்தபின் எஞ்சியதா என்பது ஒன்று. கோயிற்பொருளையோ, அறநிலையத்தின் பொருளையோ, தந்தையில்லாச் சிறுவர் பொருளையோ ஊகத்தில் இடுதல் எவ்வாற்றானும் பாவமே. இப்பொருள் எத்துணை ஆண்டுகள் வேண்டப்படாது கிடக்கவல்லது என்பது மற்றொன்று. அமெரிக்கச் சந்தையின் ‘டவ் ஜோன்ஸ்’ குறியீடு 1929 செப்டம்பரில் 381 ஆக இருந்து 1932 ஜூலையில் 41 ஆக வீழ்ந்து, பழைய நிலையை 1954இல்தான் மீண்டும் எய்தியது. ஜப்பான் நாட்டின் ‘நிக்கே’ குறியீடு 1989இன் இறுதியில் எட்டிய உயரத்தை 2024 பிப்ரவரியில்தான் கடந்தது. நெடுங்காலம் பொறுத்தால் நன்மை வரும் என்பார் கூற்றில் உண்மை உண்டாயினும், அந்நெடுங்காலம் ஒருவன் ஆயுளின் பெரும்பகுதியையும் உண்ணக்கூடும் என்பது இவற்றால் விளங்கும். அடுத்த ஆண்டு மகள் திருமணத்திற்குரிய பொருளுக்கு அஃது இடமன்று.

இப்பொருளில் எவ்வளவு கெட்டால் தன் குடும்பமும் தன் அறமும் கெடாது நிற்கும் என்பது மூன்றாவது. அவ்வளவே இடத்தக்கது. இவற்றைத் தெளிந்தபின் அறிவுரை கூறுவானை உசாவுக. அவனுக்கு ஊதியம் எங்கிருந்து வருகின்றது, தன்னிடமிருந்தா, விற்பவனிடமிருந்தா என்பதைத் தயங்காது கேட்க. இடரையும் உடன் கூறுகின்றானா என்று நோக்குக. ‘உறுதி’ என்னும் சொல் அவன் வாயினின்றும் வருமாயின் எழுந்து வருக. நல்ல ஆலோசகன் பல வேளைகளில் ‘அறியேன்’ என்பான். ‘இஃது உமக்கு ஏற்றதன்று’ என்று தன் ஊதியத்தையும் விடுப்பான். அத்தகையான் கிடைத்தவிடத்து அவன் சொல்லைப் போற்றுதல் அறிவுடைமை. அவன் சொல்லும் தவறக்கூடும் என்பதை மறவாமை அதனினும் பெரிய அறிவுடைமை.

இத்துணையும் ஆராய்ந்து இட்டபின்னும் இழப்பு நேரின் என் செய்வது? அவ்விடத்தேதான் ஊழ்க்கொள்கை தன் பயனைத் தருகின்றது. வினை சடமாகலின் தானே வந்து ஊட்டமாட்டாது. முற்றறிவுடைய இறைவனே உயிரின் நன்மை நோக்கி ஊட்டுகின்றான். கட்டியை அறுக்கும் மருத்துவன் கை பகைவன் கையன்று. இழப்பும் அங்ஙனம் அவனது மறக்கருணையின் செயலென உணர்வான், அதனை நுகர்ந்து கழிக்கின்றான். வெகுளியாலும் பழிகூறலாலும் புதுவினை ஏற்றிக்கொள்ளான். ஊதியம் வந்தவழியும் தன் திறமையெனச் செருக்கான். இவ்வாறு வரவிலும் இழப்பிலும் உள்ளம் ஒத்து நிற்கப் பழகுதல் இருவினையொப்பிற்கு ஒரு சிறுபடியாம். இருவினையொப்பாவது வரவும் இழப்பும் அறியாத மரத்துப்போன நிலை அன்று. வஞ்சித்தானை நீதிமன்றத்தில் நிறுத்துதலும், கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்தலும், குடும்பத்தை மீண்டும் நிலைநிறுத்த உழைத்தலும் அவன் கடமைகளே. அவற்றை வெறுப்பின்றிச் செய்தலே ஒப்பு.

இழந்தானைக் காண்பார்க்கும் ஒரு கடமை உண்டு. ‘உன் வினை’ என்று அவனை நோக்கிக் கூறுதல் ஞானமன்று, கல்நெஞ்சமே. அவன் ஊழ் அவனுக்குத் தெரியும். அவன்பால் இரங்குதலோ, இகழ்தலோ என்பது காண்பார் செய்யும் புதுவினை. பொருள் தொலைத்த நாணத்தால் உற்றார்க்கும் சொல்லாது உள்ளே வெந்து உயிர் நீக்கத் துணிவாரும் உலகில் உளர். அத்தகையார்க்கு ஒரு வேளை உணவும் ஓர் இன்சொல்லும் தருதல் எந்தத் தத்துவ விளக்கத்தினும் மேலான சிவபூசையாம்.

அமர்நீதியார் வரலாற்றில் துலாக்கோல் ஒன்று வருகின்றது. ஒரு தட்டில் கோவணம் ஒன்று. மறுதட்டில் அவர் தம் பொன்னும் மணியும் பட்டும் பிறவும் ஒவ்வொன்றாக இட்டார். தட்டு நேர்நில்லாது ஒழிந்தது. இறுதியில் மனைவியும் மைந்தனும் உடனாகத் தாமும் ஏறியபோதே நேர்நின்றது. பண்டமெல்லாம் இட்டும் நேராகாத அத்தட்டினை, தன் பங்குகளின் விலையை நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பான் நினைவு கூர்க. பொருளை அறநெறியில் ஈட்டுக; ஆராய்ந்து இடுக; தக்காரை உசாவுக; வந்தது கொண்டு அறம் செய்க. தன்னைமட்டும் சந்தையின் தட்டில் இடாது இறைவன் திருவடித் தட்டில் இடுக. அங்கு இட்ட முதல் இழப்பறியாது.

திருச்சிற்றம்பலம்.